மூன்றாம் நம்பர் பிஸ்டன்

மேற்குத் தாம்பரத்தில், முடிச்சூர் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில், மாவு மில்லுக்கு எதிரே இருக்கிறது அந்தப் பட்டறை. பெயர்ப்பலகை கிடையாது. வாசலில் இரண்டு முருங்கை மரம், அதன் நிழலில் சக்கரம் கழற்றிய ஒரு பியட். "பாய் பட்டறை எது?" என்று கேட்டால் மாவு மில்லில் கை காட்டுகிறார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது காலை 10 மணி. தகரக் கூரை அதற்குள் காய ஆரம்பித்திருந்தது. உள்ளே வெளிர்நீல ஸ்டேண்டர்டு ஹெரால்டு ஒன்று வாயைப் பிளந்து நின்றது. அதன் முன்டயர் மேல் உட்கார்ந்து பாய் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

டயர் மேல் உட்கார்ந்து எஞ்சின் வேலை பார்க்கிற வசதி ஹெரால்டில் உண்டு. மற்ற கார்களில் பானட் மட்டும்தான் தூக்கும். இதில் மட்கார்டு, ஹெட்லைட் எல்லாம் சேர்ந்து முன்மூஞ்சி முழுவதும் முன்பக்கமாகக் கவிழ்ந்துவிடும். எஞ்சின் மேடையில் வைத்ததுபோல் நாலா பக்கமும் தெரியும். "இதுக்காகவே இந்த வண்டியப் புடிக்கும் சார். மத்ததுல குனிஞ்சு குனிஞ்சு இடுப்பு போச்சு" என்றார் பாய். வயது அறுபதுக்கு மேல். கண்ணாடியை நூல் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார்.

கார் என் நடைப்பயிற்சி நண்பருடையது. வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். 1965-ல் அவருடைய அப்பா வாங்கிய வண்டி. கறுப்புப் பலகையில் வெள்ளை எழுத்து, எம்.எஸ். என்று தொடங்கும் எண். ஆர்.சி. புத்தகத்தில் மாநிலத்தின் பெயர் மெட்ராஸ் என்றே இருக்கிறது. அப்பா காலமான பிறகு 1998-ல் பெசன்ட் நகர் வீட்டு ஷெட்டில் தள்ளி நிறுத்தியதுதான். கடற்காற்று மட்டும் தினமும் வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறது.

இந்தப் பட்டறையிலிருந்து அந்தக் கார் பிறந்த இடம் ஒரு ரயில்வே ஸ்டேஷன் தூரம். தாம்பரத்துக்கு அடுத்தது பெருங்களத்தூர். ஸ்டேண்டர்டு மோட்டார் கம்பெனியின் தொழிற்சாலை அங்கேதான் இருந்தது. 1959-ல் இங்கிலாந்தில் வந்த டிரையம்ப் ஹெரால்டை 1961 முதல் ஸ்டேண்டர்டு ஹெரால்டு என்ற பெயரில் இங்கே செய்தார்கள். வடிவமைத்தவர் மிக்கெலோட்டி என்ற இத்தாலியர். 1985-ல் கொண்டுவந்த ஸ்டேண்டர்டு 2000 விலைபோகாமல், சில வருஷங்களில் கார் உற்பத்தியே நின்றுபோனது. இன்று அந்த இடத்தில் ஐ.டி. கட்டடங்கள். ஜி.எஸ்.டி. ரோட்டில் போகிற பலருக்கு அங்கே கார் செய்தார்கள் என்பதே தெரியாது.

வரலாறு போதும். நண்பர் என்னை அழைத்தது வேறு காரணத்துக்கு. "எஞ்சின் புடிச்சிக்கிட்டிருக்கு. இன்னிக்கு ஹெட் கழட்டறாங்க. வந்து பாருங்க, எழுத விஷயம் கிடைக்கும்" என்று காலையில் போன் செய்திருந்தார்.

எஞ்சின் பிடித்துக்கொள்வது என்றால், உள்ளே பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டிக்கொள்வது. கிராங்க் புல்லி நட்டில் ஸ்பேனர் போட்டுத் தம் பிடித்துத் திருப்பினாலும் அசையாது. டாப் கியரில் போட்டு வண்டியை முன்னும் பின்னும் ஆட்டினால் டயர்தான் தரையில் தேயும். நண்பரின் வண்டியில் இரண்டையும் செய்துபார்த்தாயிற்று. நான் போனபோது நான்கு பிளக்கும் கழற்றப்பட்டு, ஓட்டைகளில் வேஸ்ட் துணி அடைத்திருந்தது. மூன்று வாரமாக உள்ளே எண்ணெய் ஊறிக்கொண்டிருந்தது.

என்ன எண்ணெய் என்பதில் ஒரு சின்னச் சண்டை. பவர் ஸ்டீயரிங்கில் ஊற்றும் சிவப்பு ஆயிலையும் அசிட்டோனையும் சரிபாதி கலந்து ஊற்றவேண்டும் என்பது நண்பர் படித்து வந்தது. பாய் அப்படியே ஊற்றினார். ஆனால் மேலே டீசலும் ஊற்றினார். "அசிட்டோன் பாதி காத்துல போயிடும் சார். சார் ஆசைப்பட்டாரு, ஊத்தினேன். டீசல் நம்ம ஆசை" என்றார். நண்பர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அதன்பிறகு பாய் செய்த காரியம்தான் என்னை அங்கேயே உட்காரவைத்தது. புதுத் துடைப்பத்தில் இருந்து நான்கு ஈர்க்குச்சி உருவினார். ஒவ்வொன்றையும் ஒவ்வொரு பிளக் ஓட்டையில் விட்டு எடுத்து, எண்ணெய் நனைந்த இடத்தில் நகத்தால் கீறிக் காட்டினார். முதல் சிலிண்டரிலும் இரண்டாவதிலும் குச்சியின் நுனி மட்டும் ஈரம். ஊற்றியது எல்லாம் ரிங் இடுக்கு வழியாக அடியில் இருக்கும் சம்ப்புக்கு இறங்கிவிட்டது. நான்காவதில் பாதி இறங்கியிருந்தது. மூன்றாவதில் மூன்று வாரத்துக்கு முன் ஊற்றிய மட்டம் ஏறக்குறைய அப்படியே நின்றது.

"எண்ணெய் போகாத எடத்துல பிஸ்டன் எப்படி சார் போகும்? ஆள் இங்கதான் இருக்கான்" என்று மூன்றாவது ஓட்டையைத் தொட்டுக் காட்டினார்.

ஏன் மூன்றாவது மட்டும்? நான்கும் ஒரே ஷெட்டில், ஒரே காற்றில்தானே இருந்தன? கேட்டேன். பாய் பதில் சொல்லாமல் ராக்கர் கவரைக் கழற்றினார். உள்ளே எட்டு ராக்கர் வரிசையாக, தையல் மிஷின் கால் மாதிரி. என் கட்டை விரலைப் பிடித்து முதல் சிலிண்டரின் ராக்கர் மேல் வைத்து ஆட்டச் சொன்னார். டிக் டிக் என்று ஆடியது. "இது ஆடுச்சுன்னா வால்வு மூடியிருக்கு." ஒவ்வொன்றாக நகர்ந்தோம். மூன்றாவது சிலிண்டரின் இன்லெட் ராக்கர் அசையவே இல்லை. அதன் கீழே ஸ்பிரிங் நசுங்கிக் கிடந்தது. நான்காவதின் எக்ஸாஸ்ட் ராக்கரும் அப்படித்தான்.

எனக்குப் புரிந்தது. இந்த எஞ்சின் 1-3-4-2 என்ற வரிசையில் எரிகிறது. 1998-ல் சாவியை அணைத்த நொடியில் முதல் சிலிண்டர் காற்றை அமுக்கிக்கொண்டிருந்தது. இரண்டாவது எரிந்து தள்ளிக்கொண்டிருந்தது. இரண்டுக்கும் கதவு சாத்தியிருந்தது. மூன்றாவது அப்போதுதான் மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது. நான்காவது புகையை வெளியே விட்டுக்கொண்டிருந்தது. அந்த நிலையிலேயே எஞ்சின் உறைந்தது. கார்புரேட்டர் வழியாக மூன்றாவதுக்குள்ளும், சைலன்சர் குழாய் வழியாக நான்காவதுக்குள்ளும் பெசன்ட் நகரின் உப்புக்காற்று போய்வந்துகொண்டே இருந்திருக்கிறது. நீளமான சைலன்சர் இருந்ததால் நான்காவது ஓரளவு தப்பித்தது. எஞ்சின் இன்னும் அரைச் சுற்று தள்ளி நின்றிருந்தால் இந்தக் கட்டுரையில் வேறு ஒரு சிலிண்டர் மாட்டியிருக்கும்.

இரும்பு துருவாக மாறும்போது பருக்கும். நம் பழைய மொட்டைமாடி வீடுகளில் கூரையின் சிமென்ட் பெயர்ந்து விழுந்து உள்ளே கம்பி தெரியுமே, அதே கதைதான். கம்பி துருப்பிடித்துப் பருத்து, தன்னை மூடியிருக்கும் சிமென்டைத் தள்ளிவிடுகிறது. சிலிண்டருக்குள் தள்ளிவிட எதுவும் இல்லை. வார்ப்பிரும்பு ரிங் வார்ப்பிரும்புச் சுவரை ஒட்டியே நிற்கிறது. நடுவில் துரு பருத்தால் ஆப்பு அடித்த மாதிரி இறுகிவிடும்.

பகல் முழுக்க, சிலிண்டர்களை மேலே மூடியிருக்கும் ஹெட்டைக் கழற்றுவதிலேயே போனது. நட்டுகளை ஒரேயடியாகக் கழற்றாமல், ஓரத்தில் ஆரம்பித்து நடுவுக்கு வருகிற மாதிரி கால் சுற்று கால் சுற்றாகத் தளர்த்தினார். நட்டு எல்லாம் வந்துவிட்டது. ஹெட் வரவில்லை. அதைக் குத்திட்டு நிற்கும் ஸ்டடுகள் துருவில் பிடித்துவைத்திருந்தன. எஞ்சின் சுற்றுகிற நிலையில் இருந்தால் பிளக் ஓட்டை வழியாகக் கயிறு திணித்து, கிராங்கைத் திருப்பி, பிஸ்டனாலேயே ஹெட்டைத் தூக்கவைக்கலாம். இங்கே அதற்கு வழி இல்லை. ஒரு ஸ்டடில் இரண்டு நட்டு போட்டு ஒன்றோடு ஒன்று இறுக்கி, அடிநட்டில் ஸ்பேனர் கொடுத்து ஸ்டடையே கழற்றப் பார்த்தார். சில வந்தன. வராதவற்றுக்குக் கேஸ் டார்ச், எண்ணெய், மரச்சுத்தி. மறுபடி டார்ச், எண்ணெய், மரச்சுத்தி.

உதவிக்கு இருந்த பையன் ஒரு ஸ்குரூ டிரைவரை எடுத்து ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் செருகப்போனான். பாய் கையைத் தட்டிவிட்டார். "டேய், அங்க ஒரு கீறல் உழுந்தா கேஸ்கெட் ஜென்மத்துக்கும் உக்காராது." சாயங்காலம் நாலரை மணிக்கு, பழைய பெட்டியின் மூடி திறக்கிற மாதிரி ஒரு கிரீச் சத்தத்தோடு ஹெட் ஏறி வந்தது.

உள்ளே பார்த்தோம். முதல் இரண்டு சிலிண்டர் சுவர்களும் சாம்பல் நிறத்தில் மினுங்கின. நான்காவதில் காப்பித்தூள் தூவியதுபோல் கொஞ்சம். மூன்றாவது கிணற்றின் உள்சுவர் மாதிரி இருந்தது. பிஸ்டனுக்கு மேலே செக்கச்செவேல் என்று துரு வளையம், அதன் கீழே பாய் ஊற்றிய எண்ணெய் குளம்போல் தேங்கிக் கிடந்தது. நண்பர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார், இரண்டு வருஷத்துக்கு முன் ஒருவர் "இழுத்தா எடுத்துக்கும் சார்" என்று சொல்லி, கியரில் போட்டு ஜீப்பால் இந்த வண்டியை இழுத்துப் பார்த்தாராம். டக் என்று ஒரு சத்தம் கேட்டதாம். அதோடு விட்டுவிட்டார்களாம்.

"அந்த டக் என்னன்னு பிஸ்டன் வெளிய வந்தா தெரியும்" என்றார் பாய்.

அடுத்த முறை நான் போனது பத்து நாள் கழித்து. அதற்குள் செயின் பிளாக் போட்டு எஞ்சினை இறக்கி, கவிழ்த்து, சம்ப்பைக் கழற்றி, கிராங்கை எடுத்து வைத்திருந்தார்கள். மற்ற மூன்று பிஸ்டன்களும் கன்ராடோடு பலகையில் வரிசையாகக் கிடந்தன. ஒவ்வொரு ராடிலும் அதன் மூடியிலும் பஞ்ச் வைத்துப் புள்ளி குத்தியிருந்தது: ஒன்றாவதுக்கு ஒரு புள்ளி, இரண்டாவதுக்கு இரண்டு. ஒரு ராடின் மூடியை இன்னொன்றுக்கு மாற்றிப் போட்டால் பேரிங் போய்விடும்.

பிளாக் நிமிர்ந்து மேஜைமேல் நின்றது. மூன்றாவது ஓட்டைக்கு மேல் பாய் ஒரு மரக்கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார். எங்கேயோ பார்த்த பொருளாக இருக்கிறதே என்று உற்றுப்பார்த்தேன். உலக்கை. அவர் வீட்டில் நெல் குத்திய காலத்து உலக்கையில் ஒரு முழம் வெட்டி, லேத்தில் கொடுத்து 60 மில்லிமீட்டருக்குக் கடைந்து வாங்கியிருக்கிறார். சிலிண்டரின் விட்டம் 63 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். அதில் உலக்கை சுவரைத் தொடாமல் இறங்கும். அடி பிஸ்டன் தலை முழுவதிலும் பரவி விழும். இரும்புக் கம்பியை வைத்து அடித்தால் அலுமினிய பிஸ்டன் நடுவில் ஓட்டை விழுந்துவிடும்.

மேலேதானே எடுக்கவேண்டும், ஏன் கீழே அடிக்கிறீர்கள் என்று கேட்டேன். "மேல துரு இருக்குது. இப்ப அடியில இருந்து தள்ளினா ரிங்கு துருவுல போய் இன்னும் இறுகும். கீழ் சுவரு சுத்தமா இருக்குது. ஒரு நூல் கீழ போச்சுன்னா புடி வுட்டுடும். அப்புறம் மேல் துருவ எமரி போட்டு எடுத்துட்டு, மேல தள்ளிக்கலாம்."

டீக்கடையில் இருந்து பையன் ஒரு குடம் கொதிநீர் கொண்டுவந்தான். பிளாக்கின் தண்ணீர்ப் பாதையில் ஊற்றினார்கள். பிளாக் சூடேறியதும் எண்ணெய் விட்டு ஆறவிட்டார்கள். சூடும் ஆறுதலுமாக மாறி மாறி மூன்று தடவை. அதன்பிறகு வெர்னியரால் பிளாக்கின் மேல்தளத்தில் இருந்து பிஸ்டன் தலை எவ்வளவு ஆழம் என்று அளந்து சுவரில் சாக்பீஸால் எழுதினார்: 41.2.

அடிக்க ஆரம்பித்தார். பெரிய சம்மட்டியை எதிர்பார்த்திருந்தேன். கையில் இருந்தது சாதாரணச் சுத்தியல். ஓங்கி அடிக்கவில்லை. ஒரே சீராக, உரலில் இஞ்சி தட்டுவதுபோல் தட்டிக்கொண்டே இருந்தார். டொக், டொக், டொக். பத்து அடிக்கு ஒரு தடவை உலக்கையைக் கால் சுற்று திருப்பினார். ஐம்பது அடிக்கு ஒரு தடவை அளந்தார். 41.2. எண்ணெய் விட்டார். மறுபடி தட்டினார். 41.2. எனக்கே கை அரித்தது. நண்பர் வெளியே போய் முருங்கை மரத்தடியில் நின்றுகொண்டார்.

ஒரு மணி நேரம் இருக்கும். திடீரென்று பாய் சுத்தியலை நிறுத்தி என்னைப் பார்த்தார். "கேட்டீங்களா?" எனக்கு எதுவும் கேட்கவில்லை. இன்னொரு தடவை தட்டினார். இப்போது கேட்டது. டொக் என்ற மொட்டைச் சத்தம் போய், தப் என்று காலியான பானையைத் தட்டியது மாதிரி ஒரு சத்தம். வெர்னியரை விட்டு அளந்தார். 41.5. மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் பையன் விசில் அடித்தான். வெளியே இருந்து நண்பர் ஓடிவந்தார்.

அதன்பிறகு கீழே அரை அங்குலம் சுலபமாகப் போனது. மேல் துருவை எமரி பேப்பரால் தேய்த்து எடுத்தார்கள். பிளாக்கைப் படுக்கவைத்து, கன்ராடின் இரண்டு பக்கமும் தேக்கு ரீப்பர் வைத்து, பிஸ்டனின் கீழ் விளிம்பில் மாற்றி மாற்றித் தட்டினார்கள். பன்னிரண்டேகால் மணிக்கு மூன்றாம் நம்பர் பிஸ்டன் பையன் விரித்துப் பிடித்திருந்த சாக்கின்மேல் வந்து விழுந்தது.

அந்த டக் சத்தத்துக்கும் விடை கிடைத்தது. மேல் ரிங் மூன்று துண்டாக உடைந்திருந்தது. ரிங் உட்காரும் காடியின் விளிம்பில் விரல் நக அளவுக்கு அலுமினியம் பிய்ந்துபோயிருந்தது. ஜீப்பால் இழுத்த அன்றே இது நடந்திருக்கிறது. துருவோடு மட்டும் நின்றிருந்தால் பிஸ்டனையாவது காப்பாற்றியிருக்கலாம் என்பது பாயின் கணக்கு.

பிஸ்டன் தலையில் கரியைச் சுரண்டியபோது 020 என்ற எண் தெரிந்தது. ஒரு தடவை போரிங் செய்து 20 ஓவர்சைஸ் பிஸ்டன் போட்ட எஞ்சின் இது. தான் கல்லூரியில் படித்தபோது அப்பா வண்டியை ஒரு மாதம் வேலைக்கு விட்டது நண்பருக்கு ஞாபகம் வந்தது. 20 என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் இருபது பங்கு, அரை மில்லிமீட்டர். அடுத்தது 40-க்குப் போகலாம். ஆனால் விட்டத்தில் அரை மில்லிமீட்டர் கூடினால் சுவரில் ஒவ்வொரு பக்கமும் கால் மில்லிமீட்டர்தான் போகும். மூன்றாவது சிலிண்டரில் துரு அரித்த குழிகள் அதைவிட ஆழம். அந்த ஒன்றுக்கு மட்டும் ஸ்லீவ் அடிக்கவேண்டும், அதாவது பெரிதாகக் கடைந்து புதிய வார்ப்பிரும்புக் குழாயை இறுக்கி உள்ளே இறக்கவேண்டும் என்று முடிவாயிற்று.

இதற்குள் பார்க்க வந்தவர்கள் எல்லாம் ஒரே யோசனை சொல்லிக்கொண்டிருந்தார்கள்: "எதுக்கு சார் இந்தப் பாடு? ஓம்னி எஞ்சின் ஒண்ணு தூக்கி வெச்சா ஓடிட்டுப் போவுது." ஊரில் பல ஹெரால்டுகள் இப்படி மாற்று எஞ்சினில் ஓடியவைதான், தப்பு என்று சொல்லமாட்டேன். ஆனால் 2021-ல் வந்த மத்திய அரசு விதிகளின்படி, முதல் பதிவு முடிந்து 50 வருஷம் தாண்டி, அசல் வடிவம் மாறாமல் இருக்கும் வண்டிகளைத்தான் வின்டேஜ் என்று பதிவு செய்யலாம். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். 10 வருஷத்துக்குச் செல்லும். நண்பர் அதற்கு விண்ணப்பிக்க இருக்கிறார். அதைவிட, அப்பா ஓட்டிய எஞ்சின் அது. பாய் அந்த யோசனைக்குப் பதிலே சொல்வதில்லை, டீயை உறிஞ்சுவார்.

பிஸ்டன் தேடும் படலத்தை நான் நேரில் பார்க்கவில்லை. நண்பர் சொல்லக் கேட்டது. ஜி.பி. ரோட்டில் ஒரு கடைக்காரர், "948 சி.சி. தானே? மோரிஸ் மைனர் பிஸ்டன் இருக்கு, எடுத்துட்டுப் போங்க" என்றாராம். மைனர் 1000-லும் ஒரு காலத்தில் 948 சி.சி. எஞ்சின்தான் இருந்தது, விட்டமும் கிட்டத்தட்ட ஒன்றேதான். ஆனால் அது வேறு கம்பெனி, வேறு எஞ்சின். சி.சி. ஒன்று என்பதற்காகப் பிஸ்டன் பொருந்தாது. நல்லவேளை, பாய் முன்கூட்டியே சொல்லி, உடைந்த பிஸ்டனைக் கையில் கொடுத்தனுப்பியிருந்தார். இந்தியா பிஸ்டன்ஸ் 1949-ல் தொடங்கியது முதல் செம்பியத்தில் பிஸ்டன் வார்க்கும் ஊர் இது; எங்காவது ஒரு பரணில் இருக்கும் என்ற நம்பிக்கையில் நண்பர் இரண்டு வாரம் அலைந்தார். கடைசியில் ஒரு மாடிக் கடையில், லேபிள் வெளுத்துப்போன அட்டைப்பெட்டியில், 040 செட் நான்கும் எண்ணெய்த்தாள் பிரிக்காமல் கிடைத்தது. பாய் அவற்றை மாவு மில் பக்கத்து அடகுக்கடைக்கு அனுப்பி, நகைத் தராசில் நிறுத்திப் பார்த்தார். ஒன்றுக்கொன்று எடை ஒத்திருந்தால்தான் எஞ்சின் உதறாது. கிராம் கணக்கில் ஒத்திருந்தன.

அம்பத்தூரில் போரிங் பட்டறைக்கு நானும் கூடப் போனேன். பிளாக்கை மட்டும் கொண்டுபோனால் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். பிஸ்டன் கைக்கு வந்தபிறகு, அதை மைக்ரோமீட்டரில் அளந்து, அதற்குத் தக்கபடிதான் போரைக் கடைகிறார்கள். உடம்பை அளந்துவிட்டுச் சட்டை தைக்கிற மாதிரி. ஸ்லீவ் அடித்து, நான்கையும் ஒரே அளவுக்குக் கடைந்து, ஹோனிங் போட்டார்கள். ஹோனிங் முடிந்த சுவர் கண்ணாடிபோல் மின்னும் என்று நினைத்திருந்தேன். கோரைப்பாய்ப் பின்னல் மாதிரி குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கீறல்கள். அந்தக் கீறல்களில்தான் எண்ணெய் தங்கும், புது ரிங் அதில்தான் பழகும் என்றார் போரிங் ஆபரேட்டர். புது அளவில் கணக்குப் போட்டால் எஞ்சின் இப்போது 978 சி.சி.

பூட்டும் நாளில் இரண்டு விஷயம் மட்டும் சொல்கிறேன். ஒன்று, இந்த எஞ்சின்களுக்கே உரிய ஒரு நோய். கிராங்க் முன்னும் பின்னும் நகராமல் இருக்கப் பிறை வடிவத்தில் இரண்டு வாஷர்கள் கடைசி மெயின் பேரிங்கில் உட்கார்ந்திருக்கும். தேய்ந்தால் நழுவி சம்ப்பில் விழுந்துவிடும். அதன்பிறகு கிராங்க் பிளாக்கையே அரைத்துவிடும். கிளட்சை மிதிக்கும்போது முன் புல்லி முன்னால் நகர்கிறதா என்று ஒருவர் பார்த்தால் தெரிந்துவிடும். ஹெரால்டு வைத்திருப்பவர்கள் இன்றைக்கே பார்க்கலாம். நண்பரின் வண்டியில் இரண்டும் தேய்ந்திருந்தன, மாற்றினார்கள்.

இன்னொன்று ரிங். ஒவ்வொரு ரிங்கையும் தனியாக போருக்குள் விட்டு, பிஸ்டனால் நேராகத் தள்ளி, அதன் இரு முனைகளுக்கு நடுவில் இருக்கும் இடைவெளியை ஃபீலர் கேஜால் பார்த்தார் பாய். அங்குல விட்டத்துக்கு ஆயிரத்தில் நாலு பங்கு என்பது பழைய கணக்கு. இரண்டரை அங்குல போருக்குப் பத்து. இடைவெளி குறைந்தால் சூட்டில் ரிங் நீண்டு முனைகள் முட்டி, மறுபடி பிடித்துக்கொள்ளும். ஒரு ரிங்கில் எட்டுதான் வந்தது. அரத்தில் நாலே இழுப்பு இழுத்து மறுபடி விட்டுப் பார்த்தார். பத்து. பிறகு சுத்தியலின் மரக்கைப்பிடியால் தட்டி ஒவ்வொரு பிஸ்டனாக இறக்கினார். மூன்றாவது இறங்கும்போது அந்த உலக்கைத் துண்டு பக்கத்து அலமாரியில்தான் இருந்தது.

பிளக் போடாமல் செல்ஃப் சுற்றி, ஆயில் விளக்கு அணைந்தபிறகே பிளக் மாட்டினார்கள். மூன்றாவது முயற்சியில் எஞ்சின் எடுத்தது. வெள்ளைப் புகை பட்டறையை நிரப்பி மாவு மில் வரைக்கும் போனது. நண்பர் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். பாய் டயர் மேல் உட்கார்ந்து, நீளமான ஸ்குரூ டிரைவரின் முனையை மூன்றாவது சிலிண்டர் பக்கம் வைத்து, கைப்பிடியில் காதை வைத்துக் கேட்டார். "பேசறான்" என்றார்.

உங்கள் வீட்டு ஷெட்டிலும் இப்படி ஒரு வண்டி நின்றுகொண்டிருக்கலாம். ஆர்வத்தில் புது பேட்டரி மாட்டிச் சாவியைத் திருப்பிவிடாதீர்கள். கயிறு கட்டி இழுக்கவே இழுக்காதீர்கள். நான்கு பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு ஓட்டையிலும் இரண்டு ஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு, ஒரு வாரம் விடுங்கள். பிறகு புல்லி நட்டில் ஸ்பேனர் போட்டுக் கையால் திருப்பிப் பாருங்கள். அசையவில்லை என்றால் அங்கேயே நிறுத்திவிட்டு, அவசரப்படாத ஒரு மெக்கானிக்கைத் தேடுங்கள். இனிமேல்தான் நிறுத்தப்போகிறீர்கள் என்றால், கார்புரேட்டர் வாயிலும் சைலன்சர் வாயிலும் எண்ணெய் நனைத்த துணியை அடைத்துவிடுங்கள். துணி இருப்பதை ஒரு சீட்டில் எழுதி ஸ்டீயரிங்கில் கட்டிவையுங்கள்.